அப்பாவின் 8 எம்.எம். ரீல்கள்: சுவரில் ஓட்டிப் படம்பிடிக்கலாமா?

கேள்வி: அப்பா 1970களில் பினாங்கில் வேலை பார்த்தபோது எடுத்த 14 சின்ன ரீல்கள் எங்களிடம் இருக்கின்றன. பெட்டியில் ‘சூப்பர் 8’ என்று போட்டிருக்கிறது. இரண்டு ரீல்களில் புளித்த வாடை அடிக்கிறது. பழைய புரொஜெக்டரும் இருக்கிறது. அதில் ஓட்டி, சுவரில் விழும் படத்தை வீடியோ எடுத்து ‘முழு எச்டி’யில் தருவதாக எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? அம்மாவுக்கு 81 வயது, அவர் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று ஆசை. (காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் புரொஜெக்டரில் ஒரு ரீலைக்கூட ‘சும்மா ஓட்டிப் பார்க்கலாம்’ என்று மாட்டாதீர்கள். வீட்டுப் படங்களுக்குப் பெரும்பாலும் நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிமைத்தான் கழுவிப் படமாக்கினார்கள். அது கிழிந்தால் அந்தக் காட்சி போனது போனதுதான். ஐம்பது வருஷத்தில் ஃபிலிம் கொஞ்சம் சுருங்கியிருக்கும், ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பல்லில் சரியாக உட்காராது. பல வருஷம் முன்பு ஒரு கல்யாண ரீலை இப்படி ஓட்டிப் பார்க்கப்போய், தாலி கட்டும் இடத்தில் துளைகள் வரிசையாகக் கிழிந்தன. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இன்றும் மனசு கேட்பதில்லை.

கிழியாமல் ஓடினாலும் படம் நன்றாக வராது. சூப்பர் 8 பொதுவாக நொடிக்கு 18 ஃபிரேம், அதாவது 18 தனித்தனிப் படங்கள், ஓடும். வீடியோ கேமரா பதிவதோ 25 அல்லது 30. இரண்டும் ஒத்துப்போகாததால் படம் சிமிட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் வெளிச்சம் திட்டாக விழும், ஓரங்கள் மங்கும். அதை எச்டியில் பதிவு செய்தால் அந்தச் சிமிட்டலும் திட்டும்தான் எச்டியில் கிடைக்கும்.

உங்களுக்குத் தேவை ஃபிரேம் ஃபிரேமாக எடுக்கும் ஸ்கேன். ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் புகைப்படமாக எடுத்து, பிறகு கோக்கும் முறை அது. பல்சக்கரம் இல்லாமல் ரப்பர் உருளைகளால் ஃபிலிமை நகர்த்தும் ஸ்கேனர் என்றால் சுருங்கிய ஃபிலிமுக்கும் ஆபத்து குறைவு. ஸ்கேன் செய்து தரும் லேபில் முதலில் இதைக் கேளுங்கள்.

பலரும் ‘4கே உண்டா?’ என்றுதான் கேட்கிறார்கள். சூப்பர் 8 ஃபிரேமின் அகலம் 6 மில்லிமீட்டர்கூட இல்லை. 2கே ஸ்கேன் (சுமார் 2,000 பிக்சல் அகலம்) தாராளம். பிக்சலைவிட நிழல்தான் முக்கியம். அந்தக் கால வண்ண ஃபிலிம்களில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் கடுமையாக விழும். வெள்ளை வேட்டி பளீரென்று தெரியும், அதை உடுத்தியவரின் முகம் கறுப்பாகக் கிடக்கும். ஆனால் அந்த முகம் ஃபிலிமில் இருக்கிறது. ஒரே ஃபிரேமை இரண்டு வெளிச்ச அளவில் எடுத்துச் சேர்க்கும் ஸ்கேனரோ, வெளிச்சப் படிகளை நுணுக்கமாகப் பிரித்து, குறைந்தது 10 பிட்டில் பதியும் ஸ்கேனரோ அதை மீட்டுத் தரும். நம் நிறத்து மனிதர்களின் படங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஒரு ரீலை மட்டும் கொடுத்து, மர நிழலிலோ வீட்டுக்குள்ளோ எடுத்த காட்சி எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

திருத்தம் செய்யாத மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், தரம் அதிகம் குறையாமல் பதியும் புரோரெஸ் என்ற வீடியோ வடிவில் இருந்தால் நல்லது. 18 ஃபிரேம் 18 ஆகவே இருக்கட்டும். அகலத் திரைக்காகத் தலையையும் காலையும் வெட்ட வேண்டாம், படம் 4:3 தான், இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். ஏஐ வைத்து முகத்தைக் கூர்மையாக்கித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது வரைவது உங்கள் அப்பாவின் முகத்தை அல்ல. 50 அடி ரீல் ஒன்று 3 நிமிடம் 20 நொடி ஓடும். 14 ரீலும் சேர்ந்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், எல்லாம் 100 ஜிபிக்குள் அடங்கும். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். அம்மா டிவியில் பார்க்க எம்பி4 நகல் போதும்.

ஃபிலிமின் ஓரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது ஒலிக்கான காந்தப்பட்டை. ஒலியுள்ள சூப்பர் 8 ஃபிலிம் 1973இல் வந்தது, உங்களுடையதிலும் இருக்கலாம். லேபிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் படத்தை மட்டும் எடுத்துத் தந்துவிடுவார்கள்.

அப்புறம் அந்தப் புளித்த வாடை. அது வினிகர் வாடை. அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது, அந்த ஆவி பட்டால் நல்ல ரீல்களும் சீக்கிரம் கெடும். இன்றைக்கே அந்த இரண்டையும் வேறு அறைக்கு மாற்றுங்கள், அவற்றையே முதலில் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், படம் இருக்கும் ஜெலட்டின் பூச்சே கரைந்து வந்துவிடும்.

ஸ்கேன் முடிந்ததும் ரீல்களைத் தூக்கிப் போட வேண்டாம். ஹார்ட் டிஸ்க் செத்தால் திரும்ப ஸ்கேன் செய்ய அவைதான் உண்டு. பரண் கொதிக்கும், அங்கே வைக்காதீர்கள். வெயில் படாத அறையில் பீரோவின் நடுத்தட்டு போதும்.

அம்மா முதல்முறை பார்க்கும்போது பக்கத்தில் போனை வைத்து அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். யார், எந்த வீடு, எந்த வருஷம் என்று அவர் சொல்லச் சொல்ல, அதை ரீல் எண்ணோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.