மறதி நோய் உள்ள அம்மாவை வைத்திருக்கும் இல்லத்தில் கவனிப்பு நல்லதா என்று எப்படி அறிவது?

நீங்கள் கனடாவில். அம்மா திருகோணமலையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில். தங்கச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறா. "அம்மா இப்ப நல்ல அமைதி, ஒரு கரைச்சலும் இல்லை" என்று இல்லத்தார் சொல்கிறார்கள், அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "அமைதி" என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் அப்பாவைப் பற்றியும் எனக்கு அதையேதான் சொன்னார்கள்.

அப்பா துறைமுகத்தில், கப்பல்களை இழுக்கும் டக் படகில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிப் பழகின உடம்பு. என் அம்மா தவறின பிறகு இரண்டு தடவை அந்த நேரத்தில் உவர்மலை வீட்டிலிருந்து இறங்கி, வேலைக்குப் போகிறேன் என்று நடந்துவிட்டார். அயலார் "ஐயாவுக்கு அறளை பேந்திட்டுது" என்றார்கள். கிளினிக்கில் அல்சைமர் என்றார்கள். நான் பகலெல்லாம் வேலை, வேறு வழியில்லாமல் ஓர் இல்லத்தில் சேர்த்தேன்.

முதல் மாதம் இரவில் எழும்புகிறார், கத்துகிறார், கதவைத் தட்டுகிறார் என்று முறைப்பாடு. இரண்டாம் மாதம் அமைதியாகிவிட்டார். எனக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஞாயிறு காலையில் போனால் சவரம் செய்து, வெள்ளைச் சாரம் கட்டி, விறாந்தையில் இருத்தியிருப்பார்கள். ஒருநாள் தற்செயலாக செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குப் போனேன். தலை நெஞ்சில் விழுந்தபடி கதிரையில் இருந்தார். வாயால் வீணி வடிந்து சேட் நனைந்திருந்தது. கையைப் பிடித்தேன், மரம் மாதிரி விறைப்பு. மருந்துக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் ஹலோபெரிடோல், கடும் மனநோய்க்குக் கொடுக்கிற குளிசை, இரவில் ஒன்று, பிறகு பின்னேரமும் ஒன்று.

இந்த வகைக் குளிசைகள் சில வேளைகளில் தேவைதான். ஆட்களை அடிக்கிறவர், இல்லாததைக் கண்டு பயந்து நடுங்குகிறவர் இருக்கிறார்கள். ஆனால் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் புதிய வகைகளுக்கும், 2008இல் ஹலோபெரிடோல் போன்ற பழையவற்றுக்கும் எச்சரிக்கை போட்டது. உடம்பு விறைக்கும், விழுவார்கள், விழுங்கக் கஷ்டப்படுவார்கள். விழுங்க முடியாதவருக்கு அவசரமாகச் சோறு ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய் நியூமோனியா வரலாம். இதையெல்லாம் வெளியே நின்று பார்க்கிறவருக்கு அமைதி என்றுதான் தெரியும்.

ஏன் கொடுத்தார்கள் என்று விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. இரவு வேலைக்கு நின்ற பிள்ளை சிங்களம் மட்டுமே தெரிந்தவள். நல்ல பிள்ளை, அவளில் நான் குற்றம் சொல்லமாட்டேன். அப்பா ஒரு காலத்தில் துறைமுகத்தில் சிங்களம் தண்ணிபட்ட பாடாகக் கதைத்தவர். இந்த நோய் பல வேளைகளில் பிறகு படித்த மொழியை முதலில் கொண்டுபோகும். அவர் மூன்று மணிக்கு எழும்பி "சலம் போகோணும்" (சிறுநீர் கழிக்க வேண்டும்) என்று கதவைத் தட்ட, தப்பி ஓடப் பார்க்கிறார் என்று அவள் எழுதி வைத்திருக்கிறாள். ஆகவே இரவில் எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களில் அம்மாவின் தமிழ் விளங்குகிறவர் யார் என்று கட்டாயம் கேளுங்கள். எங்கள் ஊரில் இதை யாரும் கேட்பதில்லை.

பதிவுச் சான்றிதழைப் பாருங்கள், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் பதிவு பற்றிச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்து இரவில் என்ன நடக்கிறதென்று தெரியாது.

தெரிய வேண்டுமென்றால் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ரொம் கிட்வுட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு முறையை உருவாக்கினார்கள். பொது அறையில் இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் அந்த மனிதர் என்ன செய்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்று குறிப்பார்கள். முறையாகச் செய்யப் பயிற்சி வேண்டும், ஆனால் ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் தங்கச்சியாலும் ஓரளவு முடியும். நானும் அந்த முதல் இல்லத்தில் ஒரு மணித்தியாலம் இப்படி இருந்து பார்த்தேன். குறித்த பன்னிரண்டு தடவையில் அப்பாவை இரண்டு தரம் தொட்டார்கள், இரண்டும் வாய் துடைக்க. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

பிறகு மாற்றிய இல்லம் சின்னது, சுவருக்கு வர்ணம்கூட ஒழுங்கில்லை. சேர்த்த அன்றே அங்கே இருந்த அக்கா கேட்டா: "ஐயா என்ன வேலை செய்தவர்? எத்தனை மணிக்கு எழும்புவார்? தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு?" மூன்று மணிக்கு எழும்பினால் சலத்துக்குக் கூட்டிப்போய், பிளேன்ரீ கொடுத்து, விறாந்தையில் கையில் ஒரு துண்டுக் கயிறும் கொடுத்து இருத்திவிடுவா. அவர் முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டு இருப்பார். குளிசையை டொக்டர் படிப்படியாகக் குறைத்தார் (நீங்களாக ஒருநாளும் திடீரென்று நிறுத்தாதீர்கள்). குளிக்க வார்க்கும்போது மட்டும் கத்துவார். அக்காதான் தோளைத் தொட்டுப் பார்த்து, நோகுது போல என்றா. டொக்டரைக் கேட்டு, குளிக்க முன்னம் பனடோல் கொடுக்கத் தொடங்கியதும் கத்தல் குறைந்தது. 2011இல் நோர்வேயில் 18 இல்லங்களில் 352 பேரை வைத்து எட்டுக் கிழமை செய்த ஆய்விலும் இதைத்தான் கண்டார்கள்: வலிக்கு ஒழுங்காக மருந்து கொடுக்க, பதற்றமும் கத்தலும் குறைந்தது.

வீடியோ கோலில் தலை வாரிய முகம் மட்டும்தான் தெரியும். குதிக்காலைக் காட்டச் சொல்லுங்கள், படுக்கைப்புண் பெரும்பாலும் அங்கேயும் முதுகின் அடியில், பிட்டத்துக்கு மேலேயும் தொடங்கும். மாதாமாதம் நிறை கேளுங்கள். 50 கிலோ அம்மா ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் சாப்பாட்டு நேரத்தில் ஏதோ பிழை, அல்லது வேறு நோய். நேற்றுவரை கதைத்தவர் இன்றைக்குத் திடீரென்று சோர்ந்தால், அல்லது திடீரென்று குழம்பினால், "வருத்தம் முத்திட்டுது" என்று விடாமல் உடனே டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், சலத்தில் கிருமித் தொற்றுப் போல வேறு காரணம் இருக்கலாம்.

தங்கச்சியை இந்த ஞாயிறு போகவேண்டாம் என்று சொல்லுங்கள். புதனோ வியாழனோ, சொல்லாமல், பின்னேரம் ஐந்தரைக்குப் போகட்டும், இரவுச் சாப்பாடு முடியும்வரை இருக்கட்டும். வரும்போது மருந்துக் கொப்பியின் கடைசி மூன்று மாதப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குளிசைப் பெயர்கள் விளங்காவிட்டால் இங்கேயே கீழே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.