மே மாதத்து நியூசிலாந்தில் ஒரு கேரவன் பயணம்

கேள்வி: எனக்கு வயது 61, என் கணவருக்கு 66. இருவரும் பணி ஓய்வு பெற்றுவிட்டோம். கூட்டமில்லாத காலத்தில் நியூசிலாந்துக்குப் போய், கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மூன்று வாரம் அமைதியாகச் சுற்றிவர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. ஜூலையில் அங்கே குளிர்காலம் என்பதால் கூட்டமும் வாடகையும் குறைவாக இருக்கும் என்று என் நாத்தனார் மகன் சொல்கிறான். ஆக்லாந்தில் தொடங்கி, இரண்டு தீவுகளையும் கடந்து, குயின்ஸ்டவுனில் முடியும்படி 14 ஊர்களுக்கு ஒரு பட்டியலும் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஆறு பேர் படுக்கக்கூடிய பெரிய வண்டியே வசதி என்கிறார் என் கணவர். எங்கள் மகளோ, குளிர்காலத்தில் மலைச்சாலையில் ஓட்டுவது ஆபத்து என்று தடுக்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? மாலை ஐந்தரை மணிக்கே இருட்டிவிடுமாமே, அதன் பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து என்ன செய்வது?

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் வீட்டில் மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஜூலை என்ற தொடக்கமே சரியில்லை என்பதால், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாடு முழுவதற்கும் சீசன் இல்லாத மாதம் என்று ஒன்று இருந்தாலும், ஒவ்வொரு ஊருக்கும் அது அப்படி இருப்பதில்லை. குயின்ஸ்டவுனுக்கும் வானாக்காவுக்கும் ஜூலைதான் பனிச்சறுக்குக் காலத்தின் உச்சம். சறுக்கு மைதானங்கள் ஜூன் நடுவில் திறந்து, பெரும்பாலும் அக்டோபர் தொடக்கம் வரை இயங்குகின்றன. ஜூலையில் நியூசிலாந்துப் பள்ளிகளுக்கு இரண்டு வார விடுமுறையும் வருகிறது, ஆஸ்திரேலியாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். நீங்கள் தேடும் அமைதி மே மாதத்தில் இருக்கிறது. ஏப்ரல் பள்ளி விடுமுறையும் 25ஆம் தேதி வரும் ஆன்சாக் தினம் என்ற போர்வீரர் நினைவு விடுமுறையும் முடிந்த பிறகு, ஜூன் முதல் திங்கட்கிழமை வரும் மன்னர் பிறந்தநாள் விடுமுறை வரைக்கும், அந்த நாட்டுக்காரர்களே ஊர் சுற்றக் கிளம்பாத நாலைந்து வாரங்கள் கிடைக்கின்றன. கோடைக்கூட்டம் போய், பனிச்சறுக்குக் கூட்டம் வந்து சேராத இடைவெளி அது. மே முதல் வாரத்தில் போய் இறங்கி, அந்த நீண்ட வார இறுதிக்கு முன்பே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி தேதிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்தப் பதினான்கு ஊர்கள். உங்கள் நாத்தனார் மகன் கிலோமீட்டரைக் கணக்கிட்டிருக்கிறாரே தவிர, பகல் வெளிச்சத்தைக் கணக்கிடவில்லை. தென் தீவில் மே நடுவில் பகல் ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம்தான், ஜூன் கடைசியில் அது ஒன்பதுக்கும் கீழே இறங்கிவிடும். அந்த ஒன்பதரை மணி நேரமும் ஓட்டுவதற்கு உகந்ததும் அல்ல. உள்நாட்டுச் சமவெளிகளிலும் மலையிடுக்குகளிலும் இரவில் சாலையில் படியும் மெல்லிய உறைபனி, வெயில் படாத வளைவுகளில் காலை பத்து மணிக்கு மேலும் உருகாமல் கிடக்கும், கண்ணுக்கு வெறும் ஈரமாகத்தான் தெரியும். ஆகவே காலை பத்துக்கு முன் வண்டியைக் கிளப்புவதில்லை, மாலை நான்குக்குள் நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொண்டால், இறங்கிப் பார்க்கும் நேரம் போக ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று மணி நேர ஓட்டமே மிஞ்சும். இந்தக் கணக்கில் வடக்குத் தீவுக்கு இடமில்லை. அந்தத் தீவின் வெலிங்டனிலிருந்து தென் தீவின் பிக்டனுக்குக் கப்பலில் கடப்பதற்கு மட்டும் மூன்றரை மணி நேரம் ஆகும், கடல் கொந்தளித்தால் அந்தப் பயணம் ரத்தாகவும் கூடும். வடக்குத் தீவை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து, உங்கள் கணவர் வருத்தப்பட்டாலும் சரி.

நான் போட்டுத் தரும் திட்டம் தென் தீவின் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கி அங்கேயே முடிகிறது. மொத்த ஓட்டம் சுமார் 1,500 கிலோமீட்டர். நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்றே வண்டியை எடுக்காதீர்கள், ஓர் இரவு விடுதியில் தூங்கிவிட்டு மறுநாள் எடுங்கள். முதலில் 225 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டெக்காப்போ ஏரி. அங்கும் பக்கத்திலுள்ள ட்வைசலிலுமாக ஐந்து இரவுகள் தங்குங்கள். ஏரிக்கரையில் 1935இல் கட்டப்பட்ட சிறு கல் தேவாலயத்தைப் பார்க்க நடுப்பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வரும், காலை ஒன்பது மணிக்கு நடந்தே போனால் கூட்டத்தைத் தவிர்க்கலாம். வானம் தெளிவாக இருக்கும் என்று வானிலை அறிக்கை சொல்லும் இரண்டு நாட்களில் மட்டும் புகாக்கி ஏரியின் கரையோடு 3,724 மீட்டர் உயரமான மவுண்ட் குக் அடிவாரம் வரை போய்வாருங்கள். அந்த இரண்டு நாட்கள் முதல் வாரத்தில் எப்போது வாய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, முன்பதிவில்லாமல் காத்திருக்க முடிவதே சீசன் இல்லாத காலத்தில் போவதன் பெரிய லாபம்.

பிறகு ஓமாராமா வழியாக வைடாக்கிப் பள்ளத்தாக்கில் பென்மோர், அவியமோர் அணைகளைப் பார்த்துக்கொண்டே கடற்கரைக்கு இறங்கினால் ஓஅமாரு. வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லாலான பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள் நிறைந்த அந்த ஊரில், நீலப் பென்குயின்கள் இருட்டிய பிறகே கடலிலிருந்து கரையேறும். கோடையில் அதைப் பார்க்க இரவு ஒன்பதுக்கு மேல் விழித்திருக்க வேண்டும், மே மாதத்தில் பார்த்துவிட்டு எட்டு மணிக்குள் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். அங்கிருந்து மொயராக்கிக் கடற்கரையின் உருண்டைப் பாறைகளைத் தாண்டி டனீடின். அதன் தீபகற்ப முனையான டயரோவா ஹெட்டில் ராயல் ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையின் குஞ்சுகள் மே மாதத்தில் கூட்டை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும், கோடையில் பிறந்த அவை செப்டம்பர் வாக்கில்தான் பறக்கும்.

கடைசியாக, பயணத்தின் மையம் என்று நான் கருதுவது கேட்லின்ஸ். டனீடினுக்குத் தெற்கே, தீவின் தென்கிழக்கு ஓரத்தில், காடும் கடலும் ஆட்டுப் பண்ணைகளுமாக இருக்கும் பகுதி. ஐந்து இரவு அங்கே இருங்கள். நகெட் பாயிண்டில் 1870ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் வரை ஒரு சிறு நடை, கியூரியோ பேயில் கடல் வற்றும் நேரத்தில் கல்லாகிப்போன ஜுராசிக் காட்டின் அடிமரங்கள், அந்தி நேரத்தில் அதே கரையில் ஏறிவரும் மஞ்சள் கண் பென்குயின். எண்ணிக்கையில் மிகவும் குறைந்துவிட்ட இனம் அது. ஐம்பது மீட்டர் தள்ளி நின்றே பார்க்க வேண்டும், மனிதர் வழியில் நின்றால் கரையேறாமல் கடலிலேயே நின்றுவிடும். கேட்லின்ஸுக்குள் பெட்ரோல் நிலையங்கள் மிகக் குறைவு, கைபேசித் தொடர்பும் பல இடங்களில் கிடைக்காது. பல்க்ளூத்தாவிலேயே டேங்கை நிரப்பி, வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் மலைகளுக்கிடையே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்டும் இருந்திருக்கும், அதை நான் விட்டுவிட்டேன். டே ஆனோ என்ற ஊரிலிருந்து அங்கே செல்லும் சுமார் 120 கிலோமீட்டர் சாலை பனிச்சரிவு அபாயம் உள்ளது. அறிவிப்பு இருக்கும் நாளில் டயர்ச் சங்கிலி இல்லாமல் போவது சட்டப்படி குற்றம். பார்த்தே தீரவேண்டும் என்றால், வண்டியை டே ஆனோவில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் போங்கள். உங்கள் மகளின் கவலை நியாயமாகும் இடம் இதுதான், நான் சொன்ன தடத்தில் அந்த அளவு அபாயம் இல்லை.

இப்போது வண்டி. கேரவன் என்றதும் நம்மவர்களுக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். நியூசிலாந்தில் அந்தச் சொல் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டியைக் குறிக்கும். உங்களுக்குத் தேவையானது எஞ்சினோடு சேர்ந்த மோட்டார்ஹோம், பழக்கமில்லாதவர்கள் இழுவை வண்டியைப் பின்னோக்கி ஓட்டுவது பெரும் தலைவேதனை. ஆறு பேர் வண்டி வேண்டாம். அதைச் சூடாக்கவும் நேரமாகும், குறுகிய சாலையில் பக்கக்காற்று அடிக்கும்போது ஓட்டவும் சிரமம். அதற்காக இருவர் படுக்கும் சின்ன வண்டியையும் நான் சொல்லமாட்டேன். குளிர்மாதத்தில் ஒரு நாளின் பதினான்கு மணி நேரம் வண்டிக்குள்தான் கழியும். அறுபதைக் கடந்த இருவர் ஒவ்வொரு இரவும் மேசையைக் கழற்றிப் படுக்கையாக்கி, காலையில் படுக்கையை மேசையாக்கினால் நாலாம் நாளே சண்டை வந்துவிடும். நால்வர் வண்டி எடுத்து, பின்பக்கப் படுக்கையை மூன்று வாரமும் விரித்தபடியே விட்டுவிட்டு, முன்பக்க இருக்கைகளில் உட்காருங்கள்.

வாடகை நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஹீட்டர் எதில் ஓடுகிறது என்பது. டீசலிலோ கேஸிலோ ஓடும் ஹீட்டர் எங்கே நிறுத்தினாலும் வேலை செய்யும். வெறும் மின்விசிறி ஹீட்டர், முகாமில் மின் இணைப்பு கொடுத்தால்தான் இயங்கும். இந்த வேறுபாடு எனக்குத் தெரியவந்தது ஓர் ஏரிக்கரையில், முதல் இரவில், கண்ணாடியின் உட்புறம் பனி பூத்த பிறகு. அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்கும் யோசனை யாருக்கு வந்தாலும் தடுத்துவிடுங்கள், மூடிய வண்டிக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். சமைக்கும்போது கூரைச் சாளரத்தைச் சற்றுத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் ஆவி சுவரெல்லாம் நீராக வழிந்து மெத்தை நனையும்.

குறைந்த தூரம் ஓட்டுவதால் வண்டியின் உள் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகாது, சூரியத் தகடும் மே வெயிலில் பெரிதாக உதவாது. ஆகவே இரண்டு இரவுக்கு ஒருமுறையாவது மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க் என்ற கட்டண முகாமில் தங்குங்கள். வெந்நீர்க் குளியலும் பொதுச் சமையலறையும் அங்கே உண்டு. சாலையோரம் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம் என்று சொல்பவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இலவசமாகத் தங்கப் பயன்படும் வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்ட கழிவறை இருந்து, அதற்கான பச்சைச் சான்றும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படியிருந்தும் ஒவ்வொரு ஊராட்சியும் தடைசெய்த இடங்கள் உண்டு, மீறினால் நூற்றுக்கணக்கான டாலர் அபராதம். கழிவறைத் தொட்டியைக் காலி செய்ய டம்ப் ஸ்டேஷன் என்று தனி இடங்கள் இருக்கின்றன. அந்த வேலையை யார் செய்வது என்பதை ஊரிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓட்டுநர் உரிமம் போதும், வேறு மொழியில் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ தேவை. இருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். சாலையின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும். திறந்த சாலையில் வேக வரம்பு பெரும்பாலும் 100 கிலோமீட்டர், வண்டி 3,500 கிலோவுக்கு மேல் என்றால் 90. பழக வேண்டிய புதுமை ஒற்றைத் தடப் பாலங்கள்தான்: உங்கள் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நின்று வழிவிடுங்கள், நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை. பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடுவதும் அங்கே எதிர்பார்க்கப்படும் மரியாதை.

காப்பீட்டில், விபத்து நேர்ந்தால் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் நேரும் சேதம் அடங்குமா, மண் சாலை அனுமதிக்கப்படுமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். விபத்தில் காயம்பட்டால் ஏ.சி.சி. என்ற அந்நாட்டு அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் வெளிநாட்டவரின் சிகிச்சைச் செலவிலும் பங்கேற்கும், ஆனால் நோய்க்கு அது உதவாது. இந்த வயதில் தனி மருத்துவக் காப்பீடு கட்டாயம். விமான நிலையத்தில் உணவுப்பொருள் அனைத்தையும், மண் ஒட்டிய நடைக்காலணியையும்கூட, படிவத்தில் தெரிவித்துவிடுங்கள். தேன், விதை, பழம் போன்ற எதையேனும் மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

இருட்டிய பிறகு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். டெக்காப்போவைச் சூழ்ந்த 4,300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு 2012 முதல் பன்னாட்டு இருள்வானக் காப்பகம், தெருவிளக்குகள்கூடக் கீழ்நோக்கியே ஒளிரும்படி அமைக்கப்பட்டவை. கோடையில் வருகிறவர்கள் நள்ளிரவு வரை காத்திருந்து பார்க்கும் வானத்தை நீங்கள் ஏழு மணிக்கே பார்க்கலாம். தென்சிலுவை உயரத்தில் நிற்கும், கிழக்கே விருச்சிகம் செந்நிறக் கேட்டையோடு ஏறிவரும், அமாவாசையை ஒட்டிய நாட்களில் பால்வழி தெளிவாகத் தெரியும். ஆகவே அந்த ஐந்து இரவுகளை அமாவாசைக்கு அருகில் அமையும்படி பயணத் தேதியைக் குறியுங்கள். ஒரே ஒரு குறை உண்டு. நம் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரிகள் மட்டாரிக்கி என்று அழைத்து, விடியுமுன் அது மீண்டும் தோன்றும் காலத்தைத் தங்கள் புத்தாண்டாகக் கொண்டாடுகிறார்கள், 2022 முதல் அது அரசு விடுமுறையும்கூட. மே மாதத்தில் அந்தக் கூட்டம் சூரியனுக்கு அருகில் மறைந்திருக்கும், அதை மட்டும் நீங்கள் அங்கே பார்க்க முடியாது.