பெண்களுக்கான தனி இடங்கள்: கட்சிகளிடம் எதைக் கேட்பது?

பெண்களுக்கென ஒதுக்கிய கழிவறை, உடைமாற்றும் அறை, அடைக்கல இல்லம் ஆகியவற்றுக்கான சட்டப் பாதுகாப்பு குறித்துப் பிரித்தானியக் கட்சிகளிடம் கேட்க விரும்புவோர் எழுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: 2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. இனிக் கட்சிகளை வற்புறுத்துவானேன்?

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்றும், ஒருவரின் பாலின மாற்றத்தைச் சட்டப்படி ஏற்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் அதை மாற்றாது என்றும் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். ஆனால் நீதிமன்றம் சட்டத்துக்குப் பொருள் சொல்லலாம். அதைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமே இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அச்சட்டத்தின் 3ஆம் அட்டவணை, தகுந்த காரணம் இருந்தால் பெண்களுக்கு மட்டுமான சேவையை நடத்த அனுமதிக்கிறதே தவிர, நடத்தியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஒரு நகராட்சி தன் நீச்சல் குளத்தின் உடைமாற்றும் அறைகளை நாளையே பொதுவாக்கினால், அதை எதிர்த்து வழக்காடுவது எளிதல்ல. கட்டாயம் இருப்பது வேறு விதிகளில். 1992ஆம் ஆண்டின் பணியிட விதிகளில் 20ஆவது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும் என்கிறது. உள்ளிருந்து தாழிடக்கூடிய, ஒருவர் மட்டும் பயன்படுத்தும் அறைக்கே விலக்குண்டு. இங்கிலாந்துப் பள்ளிகளில் 8 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ இதே விதிதான். ஆகவே, "இந்த அனுமதியை எந்தெந்த இடங்களில் கடமையாக்குவீர்கள்?" என்றே வேட்பாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: 'பெண்கள் பாதுகாப்பை ஆதரிக்கிறீர்களா?' என்று கேட்டால் போதாதா?

போதாது. இல்லை என்று சொல்லும் வேட்பாளரே கிடையாது. விதியின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் திருநங்கையர் எங்கே போவார்கள்?

தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி இது. பாலின மாற்றம் காரணமாகப் பாகுபாடு காட்டுவதை 7ஆம் பிரிவின் வழியாகச் சமத்துவச் சட்டம் இன்றும் தடுக்கிறது. இத்தீர்ப்பை ஒரு தரப்பின் வெற்றியாகக் கொள்ளக் கூடாது என்று அதை அறிவித்த நீதிபதி ஹாட்ஜ் பிரபுவும் எச்சரித்தார். யாரும் பயன்படுத்தக்கூடிய, தாழிடும் தனி அறைகளைக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கட்சிகளிடம் கேளுங்கள்.

கேள்வி: தனி அறைக்கு அனுப்புவதே அவர்களை அடையாளம் காட்டி ஒதுக்குவதாகாதா?

பல்லாண்டுகளாக ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் திருநங்கைக்கு அந்த வலி உண்மையானது; அதை நான் மறுக்கவில்லை. அவருக்கு மட்டுமென்றில்லாமல் எல்லோருக்கும் திறந்த அறையாக அது இருந்தால் அந்த வலி குறையும், முற்றிலும் நீங்காது. ஆயினும், ஆணின் வன்முறைக்குத் தப்பி அடைக்கல இல்லம் வந்த பெண்ணிடம், 'உன் அச்சத்தைப் பொறுத்துக்கொள்' என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு தேவைகளுக்கும் இடம் கட்டுவது அரசின் பொறுப்பு. யாரையும் வாசலில் மறித்து விசாரிக்கும் வேலையில் நீங்கள் இறங்காதீர்கள்.

கேள்வி: தீர்ப்பு வந்த பிறகும் இதெல்லாம் தேவையா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: விளையாட்டுப் போட்டிகள்?

அவற்றுக்குச் சமத்துவச் சட்டத்தில் 195ஆம் பிரிவு தனியே உள்ளது. அந்தந்த விளையாட்டு அமைப்பிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்து நாடாளுமன்ற வேட்பாளரிடம் இவற்றைக் கேட்கலாமா?

சமத்துவச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் பெரும்பாலும் வெஸ்ட்மின்ஸ்டருக்கே, அதாவது லண்டனில் உள்ள பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கே, உரியது என்பதால், 'அது எங்கள் கையில் இல்லை' என்று அவர் நழுவிவிடுவார். சிறை, மருத்துவமனை, பள்ளி ஆகியவை எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், அரசு ஆகியவற்றின் பொறுப்பு. அவற்றைப் பற்றிக் கேளுங்கள்.