அழுத்தம் குறைந்த பிறகும் பார்வை மங்குவது ஏன்?

கேள்வி: என் தம்பிக்கு வயது 36, பள்ளிப் பருவம் முதலே கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிகிறான். கண்ணழுத்தம் கூடிப் பார்வை நரம்பைச் சிதைக்கும் குளுக்கோமாவுக்காக இரண்டு மாதங்களுக்கு முன் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. தழும்பு ஏற்படாதிருக்க மைட்டோமைசின் மருந்து வைத்ததாகச் சொன்னார்கள். 28 ஆக இருந்த அழுத்தம் இப்போது 4. ஆனால் பார்வை மங்கி, எழுத்து வரிகள் நெளிந்து தெரிகின்றன. மருந்து கண்ணைக் கெடுத்துவிட்டதா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: மருந்து பார்வை நரம்பைக் கெடுத்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம், கவலைக்குரியது அந்த 4 என்ற எண்தான். பொதுவாகக் கண்ணழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு வரை இருக்கும். இந்த அறுவை சிகிச்சையில், மேலிமைக்கு அடியில் வெண்விழியில் ஒரு சிறு வழி திறந்து, கண்ணுக்குள் சுரக்கும் நீரை வெளிப்படலத்தின் கீழ் வடியச் செய்கிறோம். உடல் அதைக் காயமாகவே கருதி மூட முயல்வதால், மைட்டோமைசினில் நனைத்த பஞ்சைச் சில நிமிடங்கள் அங்கே வைத்து, பின்னர் நன்றாகக் கழுவிவிடுகிறோம். சிலருக்குக் காயம் ஆறுவது அளவுக்கு மீறித் தடைபட்டு, நீர் தேவைக்கு மேல் வடிந்துவிடுகிறது. அல்லது மேலே உள்ள படலம் மெலிந்து கசிகிறது. அழுத்தம் இறங்கிய கண் சற்றே சுருங்க, விழித்திரையின் நடுப்பகுதியில் மடிப்புகள் விழுகின்றன. இளவயதினருக்கும் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் வெண்விழிச் சுவர் எளிதில் வளைந்துகொடுப்பதால், இது அவர்களுக்கே அதிகம் நேர்கிறது. மங்கலுக்குக் கண்புரையும் காரணமாகலாம். ஆனால் வரிகள் நெளிவது விழித்திரை மடிப்பையே சுட்டுகிறது.

குளுக்கோமாவால் இழந்த பார்வை மீளாது. இந்த மங்கலோ, அழுத்தத்தை உயர்த்தினால் பலருக்குத் தெளிகிறது. எனினும் மடிப்புகள் பல மாதங்கள் நீடித்தால் நிலைத்துவிடக்கூடும் என்பதால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் இந்த வாரமே அறுவை செய்த மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாயச் சொட்டு விட்டுக் கசிவைப் பார்ப்பார்கள், விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் மடிப்புகள் தெரியும். கசிவுக்குப் பெரிய காண்டாக்ட் லென்ஸோ தையலோ, அதிக வடிதலுக்குக் கூடுதல் தையலோ நோயாளியின் சொந்த இரத்தத்தை அவ்விடத்தில் செலுத்துவதோ உதவும். இரண்டாவது கருத்து வேண்டுமானால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை, பேருந்தில் சென்று அன்றே திரும்பக்கூடிய தொலைவுதான். அழுத்தத்தைக் குறைக்கும் பழைய சொட்டு மருந்தை இன்னும் இந்தக் கண்ணில் விடுகிறாரா என்றும் தம்பியைக் கேளுங்கள். இரு கண்களுக்கும் பழக்கத்தில் விட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கண்ணைக் கசக்கக் கூடாது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடலில் தலை முழுகுவது உங்கள் வீட்டு வழக்கமானால், தம்பி அதைத் தவிர்க்கட்டும். மெலிந்த படலத்தின் வழியே கிருமி உள்ளே செல்லும் வாய்ப்பு ஆண்டுகள் கழிந்தும் நீங்குவதில்லை. ஆகவே என்றைக்காவது அந்தக் கண் சிவந்தோ, வலித்தோ, பீளை தள்ளினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.