பின்வாசல் பயம்

கேள்வி: அறிவியலைப் பரப்புகிறவர்கள் எல்லாப் பண்பாடுகளின் மரபு அறிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்களே, இது மூடநம்பிக்கைக்குப் பின்வாசலைத் திறந்துவிடுவது ஆகாதா?

பதில்: ஆகாது. காதுகொடுத்துக் கேட்பது ஒரு வேலை. கேட்டதைச் சோதிக்காமல் அச்சேற்றுவது வேறு வேலை. இரண்டையும் நீங்கள் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள்.

சீன விஞ்ஞானி து யூயூவின் குழு மலேரியா மருந்துக்காக 2,000-க்கும் மேற்பட்ட பழைய மருத்துவக் குறிப்புகளைத் திரட்டியது. சிங்ஹாவ் என்ற செடி நம்பிக்கை தந்தது, பிறகு ஏமாற்றியது. அதைக் கொதிக்கவைக்கச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தார் 4-ஆம் நூற்றாண்டின் சீன மருத்துவர் கே ஹோங். சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யூயூவுக்குப் பொறி தட்டியது. குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்த சாறு 1971-இல் பலித்தது. ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து பிறந்த கதை இது. பழைய ஏடுகளில் இருந்த மற்ற நூற்றுக்கணக்கான குறிப்புகள் சோதனையில் தேறவில்லை; அவற்றுக்காக யாரும் கொடி பிடிக்கவும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், மக்கள் கேட்டுக்கொள்வார்கள் என்ற மிதப்பு. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவர் உடலைத் தொடாதீர்கள் என்றார்கள் சுகாதாரப் பணியாளர்கள். முழுக்கச் சரியான அறிவுரை. இறந்த உடலிலிருந்தும் அந்த நோய் தொற்றும். ஆனால் குளிப்பாட்டி வழியனுப்புவதைக் கடமையாக நினைக்கும் குடும்பத்திடம், முகம் தெரியாத கவச உடைக்காரர்கள் வந்து உடலைப் பையில் கட்டித் தூக்கிப்போனால் என்ன ஆகும்? குடும்பத்தார் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். இரவில் ரகசியமாகப் புதைத்தார்கள்.

அந்த ஆண்டின் இறுதிக்குள் உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசி, அடக்க முறையைத் திருத்தி எழுதியது. குடும்பத்தார் விலகி நின்று பிரார்த்திக்கலாம். இஸ்லாமியர்களுக்கு நீராட்டுக்குப் பதில் தயம்மும் என்ற, நீரில்லாத சுத்திகரிப்பு. வைரஸைப் பற்றிய உண்மையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இந்தப் பேச்சை முதலிலேயே பேசியிருக்கலாம். துண்டறிக்கையைப் பத்து மொழிகளில் அச்சடித்துவிட்டு எல்லோரையும் சேர்த்துக்கொண்டதாக நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆய்வுச் செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். ஆய்வாளருக்குப் பெயர், பட்டம், படம். அவருக்குச் செடியைக் காட்டிக்கொடுத்தவருக்கு 'உள்ளூர் மக்கள்' என்ற இரண்டு சொற்கள். எங்கள் பக்கங்களிலும் இது நடந்திருக்கிறது, மறைக்கவில்லை. 2015-இல் நோபல் பரிசு பெற்ற து யூயூ, தன் உரையில் கே ஹோங்கைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்.