பியானோ ஒண்ணு, குரல் ஒண்ணு, நடந்து போற பொண்ணு: பர்மா பெகு வாசகருக்கு பதில்

கடிதம்:

அண்ணா, இங்கிலாந்து பாடகி அடெல் பாடின 'சம்வன் லைக் யூ' பாட்டை பத்தி போன பதிவுல ஆஹா ஓஹோன்னு ரெண்டு வரி எழுதிட்டு போயிட்டீங்க. என் தங்கச்சி அதை திருப்பி திருப்பி போட்டு கேட்டு அழுவுறா. நானும் வீடியோ பார்த்தேன். கருப்பு வெள்ளைல ஒரு பொண்ணு பாலத்துல நடந்து வர்றாங்க, அவ்ளோதான். ட்ரம்ஸ் இல்ல, கித்தார் இல்ல, பியானோ கூட ஒரே டிங் டிங் டிங். நம்ம ஊரு சந்தயாக்காரங்க, அதான் பர்மா பாணில பியானோ வாசிக்கறவங்க, அவங்க கை ஓடுற ஓட்டத்துக்கு இது கால் தூசு பெறுமா? இதுல அப்படி என்னதான் இருக்கு, வெளக்கமா எழுதுங்க.
உங்கள் வாசகர், பெகு

பதில்:

தம்பி, சந்தயாவ இழுத்துட்டு வந்தீங்க பாருங்க, அதுக்கே நன்றி, ஏன்னா பதில் அங்கதான் இருக்கு. மிண்டோன் ராஜா காலத்துல மண்டலே அரண்மனைக்குள்ள வந்த பியானோவ பர்மாக்காரங்க வெள்ளைக்காரன் வாசிச்ச மாதிரி வாசிக்கல. ரெண்டு குச்சிய வெச்சு பத்தலாங்கற மூங்கில் வாத்தியத்த அடிப்பாங்கல்ல, அந்த வித்தைய அப்படியே பத்து வெரலுக்கு கொண்டு வந்துட்டாங்க. இடது கை பாதி, வலது கை பாதி, ரெண்டும் மாறி மாறி ஓடி ஒரே மெட்ட பின்னுது, சில பேர் பர்மா சுருதிக்கு தோதா கம்பியவே மாத்தி கட்டிக்கிட்டாங்க. அதுல மேற்கத்திய பாணில கார்டுன்னு, அதாவது பல ஸ்வரத்த சேத்து பாட்டுக்கு அடியில வாசிக்கறதுன்னு, தனியா ஒண்ணு கெடையாது, பியானோவே பாடிடும், பாட்டுக்காரர் கூட நின்னா பியானோவும் அவரு கூட சேந்து பாடும்.

அடெல் பாட்டுல பியானோ பாடவே இல்ல. வேணும்னேதான். அதை வாசிச்சவர் டான் வில்சன், பாட்டையும் ரெண்டு பேரும் சேந்துதான் எழுதுனாங்க, டெமோவா, அதாவது மாதிரிக்காக பதிவு பண்ணதே ஏறக்குறைய அப்படியே '21' ஆல்பத்துக்கு போயிடுச்சு. கவனிச்சு கேளுங்க, வெர்ஸ், அதாவது சரணம், முழுக்க நாலே கார்டு, ஒவ்வொண்ணையும் உடைச்சு ஒரே அளவா வலது கை உருட்டிக்கிட்டே இருக்கு, அடியில இருக்கற ஸ்வரம் மட்டும் படிப்படியா எறங்குது. நீங்க டிங் டிங்னு சொன்னது இதைத்தான், தப்பில்ல. ஆனா அது அசையாம நிக்கறதாலதான் குரல்ல ஒரு சின்ன நடுக்கம் வந்தாக்கூட நமக்கு கேக்குது. அந்தம்மா முதல்ல பேசற மாதிரி கீழ ஸ்தாயில ஆரம்பிக்கறாங்க, உனக்கு கல்யாணம் ஆயிடுச்சாமே, கேள்விப்பட்டேன், கூப்புடாமலே வந்துட்டேன்னு. கோரஸ், அதாவது திரும்ப திரும்ப வர்ற பல்லவி, வந்ததும் குரல் மேல தாவுது, பியானோ கொஞ்சம் அழுத்தி வாசிக்குதே தவிர கூட குதிக்கல. ட்ரம்ஸ் போட்டிருந்தா அந்த தாவல் வழக்கமா எல்லா பாட்டுலயும் வர்ற ஏத்தமா போயிருக்கும். இங்க தனியா மாட்டிக்கிட்ட குரல் மாதிரி கேக்குது, உங்க தங்கச்சி அழுவுறது அனேகமா அந்த எடத்துலதான்.

(கார்டோட ஒட்டாத ஒரு ஸ்வரத்துல குரல் சாஞ்சு நின்னுட்டு அப்புறம் சரியான எடத்துல உக்காருதே, அதுதான் அழ வைக்குதுன்னு 2012ல அமெரிக்க பத்திரிகைல எல்லாம் பெரிய விவாதம் ஓடுச்சு. கோயில்ல நாயனம் கேட்டு வளந்த நமக்கு ஸ்வரம் சாயறதும் வழுக்கறதும் என்ன புதுசா? அது ஒரு காரணம்தான், முழு காரணம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.)

இப்ப வீடியோ. பாட்டு வந்தது 2011 ஜனவரி. பிப்ரவரி 15 பிரிட் அவார்ட்ஸ்ங்கற இங்கிலாந்து இசை விருது மேடைல அடெல் பாடறாங்க, பக்கத்துல பியானோ மட்டும், முடிக்கும்போது கண்ணு கலங்கிடுச்சு, விற்பனை பட்டியல்ல 47வது எடத்துல கெடந்த பாட்டு இங்கிலாந்துல நம்பர் ஒன். வீடியோ அதுக்கு பல மாசம் கழிச்சுதான் வருது, அதாவது ஜனங்க மனசுல ஏற்கனவே ஒரு படம் ஒட்டிக்கிச்சு, அதுக்கு மேல என்னத்த எடுக்கறது? டைரக்டர் ஜேக் நாவா. அமெரிக்க பாடகி பியான்சேவுக்கு பெரிய பெரிய டான்ஸ் வீடியோ எடுத்துக் குடுத்த ஆளு, ஆட்டம் எடுக்க தெரியாம ஒண்ணும் இந்த பொண்ண நடக்க விடல. பாரிஸ்ல அலெக்சாந்தர் பாலம், சேன் ஆத்தங்கரை, காலங்காத்தால ஆள் நடமாட்டமே இல்ல, கோட்டு போட்டுக்கிட்டு அவங்க பாட்டுக்கு நடக்கறாங்க. பியானோ என்ன பண்ணுதோ அதையேதான் கேமராவும் பண்ணுது, கூடவே போகுது, குறுக்க வரல. பழைய காதல பிளாஷ்பேக்கா காட்டி, மழைல ரெண்டு பேரையும் நனைய விட்டு, எவ்வளவு கெடுத்திருக்கலாம்! பண்ணல.

ஆனா கடைசில ஒரு கட்டடத்துக்குள்ள போயி அந்த பழைய காதலன் எதுக்கால நிக்கறாங்க, அவன் திரும்பி போயிடறான். எனக்கு இது சுத்தமா புடிக்கல. அவன் மூஞ்சிய அதுவரைக்கும் கேக்கறவங்க ஒவ்வொருத்தரும் சொந்த செலவுல மனசுல வரைஞ்சு வெச்சிருப்பாங்க, இப்ப யாரோ ஒரு மாடல் வந்து நிக்கறாரு. தேவையா?

இன்னொண்ணு, நீங்க கேக்கலேன்னாலும் சொல்லிடறேன். நம்ம யாங்கூன்ல ஸ்டீரியோ பாட்டுன்னு சொல்ற மேற்கத்திய பாணி பாட்டு காலத்துலேர்ந்து காப்பி தச்சின், அதாவது காப்பி பாட்டு, கேட்டே வளந்தவங்க நாம, மெட்டு வெளிநாடு, வரி பர்மா, பல நேரம் வரிக்கும் மூலப்பாட்டு கதைக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த பழக்கத்துல நம்ம காது மெட்ட மட்டும் புடிச்சுக்கிட்டு வரிய விட்டுரும். இந்த பாட்ட அப்படி கேட்டா நீங்க சொல்ற டிங் டிங்தான் மிஞ்சும். ஏன்னா இதோட வேலையே வரில இருக்கு, நீ நல்லா இருன்னு வாழ்த்திட்டு அதே மூச்சுல உன்ன மாதிரி ஒருத்தன தேடிக்குவேன்னு சொல்றது, அது வாழ்த்தா வீம்பான்னு பாடறவங்களுக்கே தெரியல.

அதனால தம்பி, தங்கச்சிய பக்கத்துல உக்கார வெச்சு வரிய ஒண்ணொண்ணா தமிழ்ல சொல்ல சொல்லுங்க, வீடியோவ அந்தாளு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. அப்பவும் சந்தயாதான் ஒசத்தின்னு பட்டா தாராளமா எழுதுங்க, போடறேன்.