ஆள் ரெடி, லைசன்ஸ்தான் பாக்கி: பிரிட்டன் ஸ்பான்சர் லைசன்ஸ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித் தொடங்குகின்றன: “ஆள் ரெடி, லைசன்ஸ் மட்டும் எடுக்கணும்.” வெளிநாட்டவரை வேலை விசாவில் எடுக்க நிறுவனம் வாங்க வேண்டிய அரசு அனுமதிதான் இந்த லைசன்ஸ். ஹோம் ஆஃபீஸ், அதாவது பிரிட்டன் உள்துறை, பார்க்கிற வரிசை இந்தக் கடிதங்களுக்கு நேர் எதிர். முதலில் நிறுவனம், அப்புறம் வேலை, ஆள் கடைசியில்தான். கீழே உள்ள கட்டணங்கள் 2025 டிசம்பர் நிலவரம். பணம் கட்டும் நாளில் அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாரோவில் உணவகம் வைத்திருக்கிறேன். மதுரையில் அருமையான தோசை மாஸ்டர் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறேன். லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கலாமா அண்ணா?

அவருக்காக மட்டும் என்றால் வேண்டாம், பணம் வீண். இந்த லைசன்ஸை வைத்து ஆள் எடுக்கும் ஸ்கில்டு வொர்க்கர் (திறன் ஊழியர்) விசாவுக்குத் தகுதியான வேலைகளின் தரத்தை 2025 ஜூலை 22 முதல் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்திவிட்டார்கள். சமையல்காரர் வேலை அதற்குக் கீழே வருகிறது. விதிவிலக்காக வைத்திருக்கும் தற்காலிகப் பற்றாக்குறைப் பட்டியலிலும் அது இல்லை. இருபது வருடம் கல்லுக்கு முன்னால் நின்ற கைப்பக்குவம் ஒரு பட்டத்துக்குக் குறைந்ததா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும்: “மேனேஜர்னு போட்டுடலாமா?” உணவக மேலாளர் வேலையும் அதே நாளில்தான் தகுதி இழந்தது. வேறு ஏதாவது பெரிய பதவிப் பெயரைச் சூட்டி ஆளை அடுப்படியில் நிறுத்தினால், அதிகாரி வந்து பார்க்கும் நாளில் லைசன்ஸே போய்விடும். ஒரு வழி மட்டும் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே இந்த விசா பெற்று, விட்டுப்போகாமல் இங்கே இருக்கிற சமையல்காரர்கள் முதலாளி மாறலாம். அப்படி ஒருவரை எடுப்பதற்கும் உங்களுக்கு லைசன்ஸ் வேண்டும், அவருக்குரிய சம்பள வரம்பையும் எட்ட வேண்டும்.

முதியோர் இல்லத்துக்குப் பராமரிப்பாளர்களை ஊரிலிருந்து எடுக்க முடியுமா?

முடியாது. அதே ஜூலை 22-இல் அந்தக் கதவும் மூடிவிட்டது. ஏற்கனவே இங்கே இருந்து, உங்களிடம் குறைந்தது மூன்று மாதம் சட்டப்படி வேலை செய்தவரை இந்த விசாவுக்கு மாற்றிக்கொள்ள 2028 ஜூலை 22 வரை இடமுண்டு. செவிலியர் கதை வேறு, அவர்களுக்கு வழி திறந்துதான் இருக்கிறது.

எட்டுப் பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம். சென்னையிலிருந்து ஒருவரை மூன்று வருடத்துக்குக் கூப்பிட மொத்தம் எவ்வளவு ஆகும்? செலவை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா?

நீங்கள் சிறு நிறுவனக் கணக்கில் வருவீர்கள். லைசன்ஸுக்கு 574 பவுண்டு. பெரிய நிறுவனம் என்றால் 1,579. அவருக்கான ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ், அதாவது சிஓஎஸ், 525. இதோடு குடியேற்றத் திறன் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது, சிறு நிறுவனத்துக்கு வருடத்துக்கு 480. மூன்று வருடத்துக்கு 1,440. தவணை எல்லாம் இல்லை, சான்றிதழ் கொடுக்கும்போதே மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள். ஆக 2,539 பவுண்டு உங்கள் கையிலிருந்து.

பிடித்துக்கொள்ளலாமா என்பதற்கு ஒரே பதில்: கூடாது. திறன் கட்டணத்தை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்ற தடை ஏற்கனவே இருந்தது. 2024 டிசம்பர் 31-இலிருந்து லைசன்ஸ் கட்டணமும் சான்றிதழ் கட்டணமும் அந்தத் தடைக்குள் வந்துவிட்டன. “இரண்டு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும்” என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாலும் அதே குற்றம்தான். விசாக் கட்டணமும், வருடத்துக்கு 1,035 பவுண்டு வீதம் வரும் சுகாதாரக் கூடுதல் கட்டணமும் மட்டும் அவர் கட்டலாம். நீங்கள் கட்டினால் புண்ணியம்.

சம்பளத்தையும் இப்போதே பாருங்கள். பொது வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்டு. அந்த வேலைக்கென்று குறித்திருக்கும் தொகை அதைவிட அதிகமானால் அதுதான் கணக்கு. மென்பொருள் உருவாக்குநருக்கு அது அதிகம்தான்.

கம்பெனி தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. என்னென்ன காகிதம் வேண்டும்?

புது நிறுவனம் என்பது தடையில்லை. 18 மாதத்துக்கு உட்பட்ட நிறுவனம் என்றால் நிறுவனப் பெயரில் வங்கிக் கணக்கு இருப்பதற்கான ஆதாரம் கட்டாயம். அதோடு சேர்த்துப் பெரும்பாலும் நான்கு ஆவணமாவது கேட்பார்கள்: குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கான முதலாளி பொறுப்புக் காப்பீடு, வருமான வரித்துறையில் பேயீ பதிவு (ஊழியர் சம்பளத்தில் வரி பிடித்துக் கட்டும் பதிவு), வாட் எனும் மதிப்புக் கூட்டு வரிப் பதிவு, கடை அல்லது அலுவலகத்தின் குத்தகைப் பத்திரம் இப்படி.

ஆன்லைனில் விண்ணப்பத்தை அனுப்பியதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். ஐந்து வேலை நாளுக்குள் எல்லாம் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். பலர் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அப்புறம் காகிதம் தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: எல்லாக் காகிதமும் ஒரே ஃபோல்டரில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பொத்தானை அழுத்துங்கள். ஆரம்பக் காலத்தில் நானே ஒரு நிறுவனத்தின் கோப்பை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது, காப்பீட்டுச் சான்றிதழ் முந்தைய மாதமே காலாவதி. உரிமையாளர் விடுமுறையில், காப்பீட்டு முகவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை நான்கு மணிக்குப் புதுச் சான்றிதழ் வந்தது. அந்த நான்கு மணியை இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று, முகவரி. குத்தகையில் ‘யூனிட் 3’, வங்கி அறிக்கையில் ‘3ஏ’, காப்பீட்டில் பழைய வீட்டு முகவரி என்று இருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

ஆதரைசிங் ஆபீசராக, அதாவது லைசன்ஸுக்குப் பொறுப்பேற்பவராக, எங்கள் அக்கவுண்டன்ட்டைப் போடலாமா?

அவர் வெளியாள் என்றால் கூடாது. ஆட்களை எடுக்கும் பொறுப்பில் உள்ள மூத்தவர், நிறுவனத்தின் உள்ளே இருப்பவர், பிரிட்டனில் இருப்பவர் வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு நடத்தும் பங்குதாரர் செல்லாது.

என் தம்பியை என் நிறுவனத்துக்கே எடுக்க முடியுமா?

விதி ஒரேயடியாகத் தடுக்கவில்லை. ஆனால் உறவை மறைக்கக் கூடாது, அவருக்கான ஸ்பான்சர்ஷிப் சான்றிதழை நீங்களே ஹோம் ஆஃபீஸின் கணினி அமைப்பில் போட்டுக் கொடுக்கவும் கூடாது. வேலை உண்மையா என்ற கேள்வி உங்களிடம் மட்டும் இரட்டை அழுத்தத்தோடு வரும். தம்பி வருவதற்கு முன்பு அந்த வேலையை யார் செய்தார், இப்போது ஏன் ஆள் தேவை, வேறு யாரையாவது தேடினீர்களா என்பார்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் அது வேலை இல்லை, விசா.

திருச்சியில் ஒரு ஏஜெண்ட் 12 லட்சம் ரூபாய் கொடுத்தால் சிஓஎஸ் தருவதாகச் சொல்கிறார் ஐயா. நம்பலாமா?

பணத்தை வைத்துக்கொண்டு தூங்குங்கள். அந்தச் சான்றிதழுக்கு முதலாளி கட்டுவது 525 பவுண்டு, உங்களிடம் கேட்கவே கூடாத பணம் அது. “கம்பெனி பெயர் அரசுப் பதிவேட்டில் இருக்கே” என்பார்கள். இருக்கலாம். கம்பெனிக்கு லைசன்ஸ் உண்டு என்பதற்குத்தான் அது சாட்சி. உங்களுக்கு வேலை உண்டு என்பதற்கு இல்லை. நேர்முகத் தேர்வு நடத்தாத முதலாளியிடம் வேலை இருக்காது.

லைசன்ஸ் வந்து ஆறு மாதம். ஆள் வந்து சோதனை போடுவார்களாமே?

வருவார்கள், சொல்லாமலும் வருவார்கள். 2024 ஏப்ரலிலிருந்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலை இல்லை என்பதால் பலர் கோப்பை மூடிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மாட்டுவது அங்கேதான்.

ஊழியர் அனுமதி இல்லாமல் தொடர்ந்து 10 வேலை நாளுக்கு மேல் வரவில்லையா, சம்பளம் குறைந்ததா, வேலை செய்யும் இடம் மாறியதா, 10 வேலை நாளுக்குள் ஹோம் ஆஃபீஸின் கணினி அமைப்பில் தெரிவிக்க வேண்டும். லூட்டனில் புதுக் கிளை திறந்து அவரை அங்கே அனுப்புவதும் இடமாற்றம்தான். வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, விசாவைச் சரிபார்த்த நகல், அவருடைய இப்போதைய முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்டவுடன் மேசைக்கு வர வேண்டும். லைசன்ஸைப் பறித்தால் குறைந்தது 12 மாதம் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. உங்களை நம்பி வந்தவருக்கு வழக்கமாக 60 நாள்தான் மிஞ்சும்.

அதிகாரி உங்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போகமாட்டார். ஊழியரைத் தனியாக உட்கார வைத்து “நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்பார். சான்றிதழில் எழுதியிருக்கும் வேலை விவரத்தை உங்கள் ஊழியர் ஒருமுறையாவது படித்திருக்கிறாரா என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.